பிளஸ் சி

பொறியியல் கல்லூரியில் முதல் செமஸ்டர் கணக்குத் தாளுக்கு ‘எம்-ஒன்’ என்று செல்லப்பெயர். பிளஸ் டூ கணக்கில் சதமடித்த பிள்ளைகளும் முதல் அரியர் வாங்கும் இடம் அதுதான்.

தொகையிடலுக்கு எஸ் எழுத்தை நீட்டி இழுத்து, 1675-இல் குறியீடு தந்தவர் லைப்னிட்ஸ். கூட்டுத்தொகையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதலெழுத்து அது. நம் பையன்கள் கண்ணுக்குத் தூண்டில் முள். வினாத்தாளில் மூன்று முள் வரிசையாக நின்றால் சிக்கப்போகிற மீன் யார் என்று சொல்லவா வேண்டும்?

தேர்வுக்கு முந்தின இரவு ஜெராக்ஸ் கடையில் ‘முக்கிய வினாக்கள்’ சுடச்சுட விற்கும். “தம்பி, கேலி-ஹாமில்டன் தேற்றத்தை மட்டும் பார்த்துட்டுப் போ, பாஸ்” என்று எனக்கு அருள்வாக்குச் சொன்ன சீனியர், அதே தாளை நான்காம் முறையாக எழுத வந்திருந்தார். நம்பினேன். மறுநாள் இருவரும் ஒரே ஹாலில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வரம்பில்லாத தொகையிடலை முடித்ததும் ‘பிளஸ் சி’ போடாவிட்டால் மதிப்பெண் குறையும். சி என்பது மாறிலி, வகையிட்டால்தான் மறையும். வகையிட்டாலும் தொகையிட்டாலும் போகாத மாறிலி ஒன்று உண்டு. அதன் பெயர் அரியர்.