வெள்ளிக்கிழமை தாங்காத தரை

மயிலாப்பூர் பழைய வீட்டுச் சிவப்புத் தரை துடைக்கத் துடைக்கப் பளபளக்கும். அதை தி. நகரில் மீட்டர் கணக்கில் வாங்கிய மர டிசைன் விரிப்பால் மூடுவதுதான் இப்போது நாகரிகம். கடையில் லினோலியம் என்பார்கள். சுருள் முழுக்க பிவிசி. 1860களில் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் வால்டன் உருவாக்கிய அசல் சரக்கு ஆளிவிதை எண்ணெய், தக்கைத் தூள், சணல் துணி சேர்ந்தது. சலவை சோடா பட்டாலே பாழாகும். நம் ஊரில் அது ஒரு மாதம் உயிரோடு இருந்திருக்காது.

பிவிசி சோடாவைத் தாங்கும், வெள்ளிக்கிழமையைத் தாங்காது. வாராவாரம் அன்று வீடு கழுவ வாளி வாளியாக ஊற்றிய தண்ணீர் இணைப்பு வழியே அடியில் புகுந்து காயாமல் கிடக்கும். மேலே பினாயில் மணம், கீழே பூஞ்சை. போதாக்குறைக்கு போர் தண்ணீரின் உப்புத் திட்டு. "பிழிந்த துணியால் துடைத்தால் போதும்க்கா" என்று சொல்லிப் பாருங்கள். வேலைக்கு வரும் அக்கா, வீட்டுப் பாட்டி இருவரும் ஒரே கட்சி: ஊற்றிக் கழுவாதது சுத்தமே இல்லை.

அடையாறில் வேறு கவலை. தரை கெடாமலிருக்க விரிப்பு, விரிப்பு கெடாமலிருக்க ரப்பர் அடி வைத்த கால்மிதி. அந்த ரப்பர் நாளடைவில் பிவிசியில் மஞ்சள் கறை ஏற்றும். கறையை மறைக்க, பாண்டி பஜாரில் இன்னும் பெரிய கால்மிதி கிடைக்கிறது.