கிளாஸ் கேள்விகள், பளிச் பதில்கள்

ஒரே எச்டிஎம்எல் உறுப்புக்கு நாலைந்து கிளாஸ் கொடுத்தால் பிரவுசர் கோபித்துக்கொள்ளுமா?

இடைவெளி விட்டு எத்தனை வேண்டுமானாலும் எழுதுங்கள். அங்கே யார் முந்தி, யார் பிந்தி என்று பிரவுசர் பார்ப்பதே இல்லை. சம பலமுள்ள இரண்டு விதிகள் மோதினால், சிஎஸ்எஸ் கோப்பில் பின்னால் வருவதற்கே வெற்றி.

விதிகள் மோதும்போது பத்து கிளாஸ் கூட்டுச் சேர்ந்தால் ஒரு ஐடியை வீழ்த்தலாமா?

பத்தாயிரம் சேர்ந்தாலும் முடியாது. ஆனால் 2012 வாக்கில் சில பிரவுசர்களில் 256 கிளாஸ்கள் சேர்ந்து ஒரு ஐடியைத் தோற்கடித்தன! எண்ணிக்கைக்கு ஒதுக்கிய 8 பிட் இடம் 255-உடன் நிரம்பி வழிந்ததுதான் காரணம்.

கிளாஸ் பெயரைத் தமிழில் வைக்கலாமா?

யார் தடுத்தது? கோப்பை யூடிஎஃப்-8இல் சேமித்து, '.தலைப்பு' என்று எழுதிப் பாருங்கள். அப்படியே வேலை செய்யும்.

'சிவப்பு' என்று கிளாஸ் வைத்தேன். இப்போது முதலாளி நீலம் கேட்கிறாரே?

நிறத்தை மாற்றினால் பெயர் பொய் சொல்லும். பெயரை மாற்றினால் பக்கம் பக்கமாகத் திருத்த வேண்டும். செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வையுங்கள். 'எச்சரிக்கை' எந்த நிறத்திலும் எச்சரிக்கைதானே?

ஒரு டிவ்வுக்கு 'பட்டன்' என்று கிளாஸ் கொடுத்து அலங்கரித்தால் அது பட்டன் ஆகிவிடுமா?

பார்ப்பவர் கண்ணுக்கு ஆகும். பார்வையற்றவருக்கு? ஸ்கிரீன் ரீடர் கிளாஸ் பெயரைப் படித்துக் காட்டாது. டேப் விசையும் அங்கே நிற்காது. பட்டன் டேகையே போடுங்கள். எல்லோருக்கும் திறக்காத பக்கம் பாதிப் பக்கம்தான்.