ஊதிக் காட்டிவிட்டு ஆயிரத்தை வாங்கிக்கொள்

அரசு உதவி வாங்குகிறவர்களுக்குப் போதைச் சோதனை வைக்க வேண்டுமாம். ரேஷன் அரிசியோ, மகளிர் உரிமைத் தொகையோ, முதியோர் பென்ஷனோ, எதுவானாலும் முதலில் ஊதிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் டப்பாவில் பிடித்துக் கொடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் கையை நீட்டலாம். இந்த யோசனையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள், 'என் வரிப்பணம்' என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கிறவர்கள். அவர்கள் மனம் குளிர முதல் முகாமை எங்கள் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டிலேயே போட்டுவிடலாம் என்பது என் தாழ்மையான கருத்து. உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் முகாமை முதல்வர் மு.க.ஸ்டாலின் 2023 ஜூலை 24 அன்று தொடங்கிவைத்தது இதே மாவட்டத்துத் தொப்பூரில்தான். விண்ணப்பம் வாங்கிய மாவட்டத்திலேயே மூத்திரமும் வாங்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

ஒரே ஒரு சிக்கல். இந்தப் பக்கத்து மூத்திரத்தில் முதலில் தென்படப்போவது பிராந்தி அல்ல, ஃப்ளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தருமபுரி மாவட்டத்தில் அந்த வரம்பைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பல்லில் பழுப்புப் பட்டை விழுந்தது. பெரியவர்களுக்கு முட்டி மடங்கவில்லை, மடங்கியது நிமிரவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு இருக்கிறது. ஜப்பானில் கடன் வாங்கி, 1,928 கோடி ரூபாய் செலவில், 2013 மே மாதம் திறந்தார்கள். அதாவது இந்த மக்களின் உடம்பில் என்ன இருக்கிறது என்று அரசுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்த பிறகும் குழாயில் காவிரி வராத நாளில் போர் தண்ணீர்தான்.

முகாமில் நடக்கப்போகிற பேச்சை இப்போதே எழுதித் தந்துவிடுகிறேன்.

"தினமும் என்னம்மா குடிக்கிற?"

"தண்ணிதான் சார்."

அதிகாரி முகம் மலர்ந்து டிக் அடிப்பார். "எங்கே வாங்கற?"

"பஞ்சாயத்து போர்லதாங்க சார். வேற எங்க போறது?"

இந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மாவட்டத் தலைமையகத்துக்குக் கடிதம் போகும்.

சரி, ஃப்ளோரைடை விட்டுவிட்டு நேராகச் சாராயத்துக்கே வருவோம். உரிமைத் தொகை வாங்குவது பெண். அவளை ஊதச் சொன்னால் பெரும்பாலும் வெறும் காற்றுதான் வரும். விடியுமுன் எழுந்து தக்காளி பறிக்கப் போய், வெயில் ஏறும்வரை குனிந்தே நின்றுவிட்டு வந்தவளின் காற்று. முகாம் நடத்தியவர்களுக்கு ஏமாற்றம் வரக்கூடாதே? "சரி, புருஷன் எங்கே?" அவன் ஊதினால் மெஷின் கத்தும். உடனே அவளுடைய உரிமைத் தொகையான ஆயிரம் ரூபாயை நிறுத்திவிடலாம். குடித்துவிட்டு வந்தவனிடம் ராத்திரி அடி வாங்கினாள், காலையில் அரசிடம் அபராதம் வாங்கினாள். 'ஆயிரத்தை வாங்கி அவன்கிட்டதானே குடுக்கறா' என்று பேசுகிறவர்கள், அவன் அதை எந்தக் கடைக்குக் கொண்டுபோகிறான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அது திருட்டுத்தனமாக விற்கிற சந்துக்கடை அல்ல. அரசு முத்திரை ஒட்டிய பாட்டிலை, அரசுச் சம்பளம் வாங்குகிற விற்பனையாளர், அச்சடித்த விலைக்கு மேல் பத்து ரூபாய் சேர்த்து எடுத்துக் கொடுக்கிற கடை. தடயவியல் நிபுணர் எதற்கு? மெஷின் கத்தினால் அது அரசு விற்ற சரக்குக்கு ரசீது.

கணக்கையும் பார்த்துவிடுவோம், வரிப்பணம் என்று பேச்சு வந்துவிட்டதே. 2024-25ஆம் ஆண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வரி வருவாய் 48,344 கோடி ரூபாய். இதைச் சட்டப்பேரவையில் வைத்தது மதுவிலக்குத் துறை (சிரிக்காதீர்கள், துறையின் பெயரிலேயே அது இருக்கிறது). அதே ஆண்டு பட்ஜெட்டில் மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,720 கோடி. புருஷன் கையிலிருந்து நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பெண்டாட்டி கையில் இருபத்தெட்டு ரூபாயைத் திருப்பித் தருகிறார்கள். அந்த இருபத்தெட்டுக்குத்தான் ஊதிக் காட்ட வேண்டுமாம்! காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தர ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். ஆள் காலியானால் என்ன தருவார்கள் என்பதைக் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் பார்த்தோம். அங்கே அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது கள்ளச்சாராயம். தலைக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். அப்போதும் இதே நடைப்பயிற்சிக் கூட்டம்தான், 'குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா' என்று கொதித்தது.

உண்மையில் ஏழையைச் சோதிக்காமல் விட்ட நாள் ஏது? உரிமைத் தொகை கேட்டவளிடம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் ஓடுகிறதா, புன்செய் பத்து ஏக்கருக்கு மேல் இருக்கிறதா, வீட்டில் கார் நிற்கிறதா என்று கேட்டாயிற்று. ரேஷன் கடையில் விரலை வை என்கிறார்கள். தேங்காய் நாரும் தக்காளிக் கூடையும் பிடித்துத் தேய்ந்த ரேகை மெஷினில் விழாது, துடைத்துவிட்டுத் திரும்ப வை என்பார்கள். நூறு நாள் வேலைக்குப் போனவளை 2023 ஜனவரியிலிருந்து நாளுக்கு இரண்டு தரம் நிற்கவைத்துச் செயலியில் படம் எடுத்தார்கள். அரிசிக்கு ரேகை, மண் வெட்டப் போனால் முகம். பிராந்திக் கடையில் மட்டும் எதையும் கேட்பதில்லை. நோட்டை நீட்டினால் போதும்.

ஒருமுறை கேட்கச் சொன்னார்கள். 2020 மே மாதம், ஊரடங்கு நடுவில் கடை திறக்க அனுமதித்தபோது, வாங்குகிறவரின் பெயர், முகவரி, ஆதார் எண்ணோடு பில் போட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனை விதித்தது. மே 7ஆம் தேதி கடை திறந்தது. ஒரே நாளில் 170 கோடிக்கு மேல் விற்றது. அதற்கு முந்தைய மாதம்தான் அதே ஜனங்களுக்கு ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாய் நிவாரணம் கொடுத்திருந்தார்கள். நிபந்தனைகள் காற்றில் பறந்தன என்று மறுநாளே கடைகளை மூடச் சொன்னது நீதிமன்றம். அரசு என்ன செய்தது தெரியுமா? உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. மே 15இல் தடை வாங்கியது, அடுத்த நாளே ஷட்டரைத் தூக்கியது. ஊரே முடங்கிக் கிடந்த காலத்தில், சரக்கு இல்லாமல் கை நடுங்கியது யாருக்கு என்று அப்போதே ஊதிப் பார்த்திருக்கலாம்.

குடித்தால் உதவி கிடையாது என்கிற இந்த யோசனைக்கு ஒரு பெரிய மனிதரின் கையெழுத்தும் வாங்கிப் பார்த்தார்கள். ஆதார் காட்டினால்தான் மது, மது வாங்கினால் உணவு மானியம் ரத்து என்று ரத்தன் டாடா சொன்னதாக ஒரு வாசகம், அவர் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றியது. 2021 ஆகஸ்டில் இது நான் சொன்னதில்லை என்று அவரே இன்ஸ்டாகிராமில் மறுத்தார். மறுப்பை யார் ஃபார்வர்ட் செய்கிறார்கள்? வாசகம் இன்னும் குட்மார்னிங் ரோஜாக்களுக்கு நடுவே வந்துகொண்டிருக்கிறது.

உதவி கேட்கிறவர்களுக்குப் போதைச் சோதனையை நிஜமாகவே செய்து பார்த்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஃப்ளோரிடா. ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்ட சட்டம் 2011 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உதவி கேட்கிறவர் தன் கைக்காசைப் போட்டுச் சோதித்துக்கொள்ள வேண்டும், தேறினால் காசு திரும்ப வரும். சோதித்தது 4,086 பேரை. சிக்கியது 108 பேர். நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. தேறியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்த காசு, சிக்கியவர்களுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததைவிட அதிகம். நான்காவது மாதமே நீதிமன்றம் நிறுத்தியது, 2014 இறுதியில் மேல்முறையீட்டிலும் அரசு தோற்றது. சந்தேகப்பட முகாந்திரமே இல்லாமல், ஏழை என்பதற்காக மட்டும் ஒருவரின் உடம்பைச் சோதனை போட முடியாது என்றார்கள்.

நம் நாட்டில் பஞ்சாப் 2018 ஜூலையில் இன்னொரு வகையாகச் செய்தது. முதல்வர் அமரீந்தர் சிங், போலீஸ் உட்பட அத்தனை அரசு ஊழியர்களுக்கும் போதைச் சோதனை என்று உத்தரவிட்டார். முதலில் மந்திரிகளும் எம்.எல்.ஏ.க்களும் வரட்டும் என்று ஊழியர்கள் கேட்டார்கள். தான் தயார், மற்ற மக்கள் பிரதிநிதிகளுக்கு அவரவர் மனசாட்சி என்று பதில் வந்தது. கான்ஸ்டபிளுக்குச் சிறுநீர், சட்டமன்ற உறுப்பினருக்கு மனசாட்சி. எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் மனசாட்சிக்குக் கருவி கிடையாது, அதனால் யாரும் தோற்கவில்லை.

மனசாட்சிக்காரர்களின் வரிசை நீளம். 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கு வரியைக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி விட்டுக்கொடுப்பதாக நிதியமைச்சரே சொன்னார். எந்த முதலாளியும் ஊதவில்லை. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று ஆக்கி, சுமார் ஒரு லட்சம் கோடியை விட்டுக்கொடுத்தார்கள். நடைப்பயிற்சி நண்பரே, அது உங்களுக்கு. வாங்கிக்கொண்டீர்கள், சந்தோஷம். கிளப் பாரில் மூன்றாவது கிளாஸோடு உட்கார்ந்துதான் நீங்கள் இந்த யோசனையையே டைப் செய்தீர்கள் என்று நான் சொன்னால் கோபம் வரும். உங்கள் கிளாஸ் ரசனை, எங்கள் ஊர்க்காரனின் குவார்ட்டர் குற்றம். கரும்பு வெட்டிவிட்டு, லாரியில் தக்காளி கிரேட் ஏற்றிவிட்டு, பெங்களூரில் பத்தாவது மாடிக்குச் செங்கல் தூக்கிவிட்டு, 'உடம்பு வலிக்குதுங்க' என்று அவன் குடிக்கிறான். அவன் குடிப்பது சரி என்று வாதாட வரவில்லை. அந்தக் குடி எத்தனை வீட்டைத் தின்றது என்று பாலக்கோட்டுப் பெண்களைவிட யாருக்குத் தெரியும்? கடையை மூடு என்று சாலையில் உட்கார்ந்ததும் அவர்களைப் போன்ற பெண்கள்தான், போலீஸ் தூக்கிப்போனதும் அவர்களைத்தான். அன்றைக்கு வரிப்பணக்காரர்கள் யாரும் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

ஆகவே முகாம் நடக்கட்டும், வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் தீபாவளிக்கு இத்தனை கோடி விற்றது என்று குறித்துக்கொள்கிறவர்கள் ஊதட்டும். அடுத்து சாராய ஆலை முதலாளிகள், கட்சி பேதமில்லாமல். அடுத்து வரிச்சலுகை வாங்கியவர்கள். இவர்கள் எல்லாரும் ஊதி முடித்து மெஷினில் பேட்டரி மிச்சம் இருந்தால் பாலக்கோட்டுக்கு வாருங்கள். வரும்போது டப்பா வேண்டாம், தண்ணீரைச் சோதிக்கிற கருவியோடு வாருங்கள். அவள் குடிக்கிற போர் தண்ணீரில் எவ்வளவு ஃப்ளோரைடு என்று எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள், மாதாமாதம் ஒட்டுங்கள். அதைச் செய்ய முடியாதவர்களுக்கு அவளுடைய ஆயிரம் ரூபாயைப் பற்றி வாய் திறக்க யோக்கியதை இல்லை.