டாக்டர் கூடாதுன்னாரு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நல்லம்பள்ளி வாரச்சந்தைக்குப் போனால் இந்த அக்காவைப் பார்க்கலாம். அதே நேரத்தில் காரிமங்கலம் சந்தையிலும் பார்க்கலாம். மறுநாள் புழுதியூருக்குப் போனால் அங்கேயும் நிற்பார். மடித்த கட்டைப்பை இரண்டு, பர்ஸுக்குள் 500 ரூபாய், கண்ணில் தராசு முள்ளை நம்பாத ஒரு பார்வை. அந்த 500 ரூபாயில் ஆறு பேர் அடுத்த சந்தை வரைக்கும் குழம்பும் பொரியலும் சாப்பிட வேண்டும். ஆறில் ஐந்து பேருக்கு ஏதாவது ஒன்று கூடாது.

மாமனாருக்குப் பிரஷர்; உப்பு கூடாது. மாமியாருக்குச் சுகர், இனிப்பு கூடாது, சோறு கையளவுதான். ஓசூரில் கம்பெனி வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை ராத்திரி வீடு வந்து சேரும் கணவருக்கு அல்சர், காரம் கூடாது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு எந்த டாக்டரும் எதையும் தடுக்கவில்லை. அவளாகவே கத்தரிக்காய், வெண்டைக்காய், பாகற்காய் மூன்றையும் தடை செய்து வைத்திருக்கிறாள். கல்லூரிக்குப் போகிற மகன் ஜிம்மில் சேர்ந்திருக்கிறான். அவனுக்கு அரிசி கூடாது, புரோட்டீன் வேண்டும்.

வேறொருத்தி என்றால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவாள். அக்கா உட்கார மாட்டார். வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு கூடாதும் ஒரு செலவைக் கூட்டிக்கொண்டு வெளியே போகிறது என்பதை அவர் என்றோ கண்டுபிடித்துவிட்டார். மாமியாருக்குச் சுகர் என்று தெரிந்த மாதமே டீக்குப் போகும் சர்க்கரை பாதியானது. மாமனாருக்குப் பிரஷர் வந்ததும் அப்பளம், கருவாடு, கடை ஊறுகாய் மூன்றும் ஒரே நாளில் விடைபெற்றன. கணவரின் அல்சரால் காய்ந்த மிளகாய் மிச்சம்.

அங்கிருந்து அடுத்த படிக்கு ஏறியதில்தான் அக்காவின் சாமர்த்தியம் இருக்கிறது. கையில் காசு இல்லை என்று சொன்னால் வீட்டில் ஒருவர் முகம் சுளிப்பார், ஒருவர் பழைய கதை எடுப்பார். "டாக்டர் கூடாதுன்னாரு" என்றால் மறுபேச்சே கிடையாது. எனவே மாதக் கடைசியில் முந்திரி, நெய், ஆட்டுக்கறி, பரோட்டா எல்லாமே டாக்டர் தடுத்தவை ஆகிவிடும். அந்த டாக்டர் பாவம், வாசல் வரை நிற்கிற வரிசையைப் பார்த்தபடி இரண்டு மாத்திரை எழுதியதற்கு மேல் எதுவும் பேசியிருக்க மாட்டார். தன் பெயரில் ஒரு குடும்பத்தின் வரவுசெலவுத் திட்டமே நடப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மகனின் புரோட்டீனை மட்டும் அக்கா பத்தியமென்றே ஒப்புக்கொள்வதில்லை. வேண்டும் என்று கேட்கிற பத்தியம் எந்த ஊரில் இருக்கிறது? "கொள்ளுல இல்லாத புரோட்டீனா? குதிரை என்ன டப்பா பவுடரா திங்குது?" என்று முடித்துவிடுவார். அவன் விடாமல் கேட்டால், முட்டைக் கடையில் ஓடு கீறிய முட்டைகளைக் குறைந்த விலைக்கு வாங்கி வருவார். சின்னவளுக்கு முட்டைச் செலவே இல்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் வாரம் 5 முட்டை. காலை உணவும் பள்ளியிலேயே கிடைப்பதால், அங்கே உப்புமா போடுகிற நாளில் வீட்டில் உப்புமா இருக்காது. அரசாங்கத்தின் சமையல் பட்டியலைக் கவனமாகப் பார்த்துத் தன் பட்டியலைப் போடுகிறவர் தருமபுரி மாவட்டத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

சந்தைக்கு அவர் ஆறு மணிக்கு முன்னால் வருவதில்லை. ஆறு மணிக்கு மேல்தான் தக்காளிக்குத் தன்மானம் குறையும்.

"கூறு எவ்வளவுண்ணா?"

"இருவது."

"ரெண்டு கூறு முப்பதுக்குப் போடுங்க."

"கட்டாதும்மா. பாலக்கோட்டுலயே ஏறிப்போச்சு."

பாலக்கோட்டுத் தக்காளி மார்க்கெட்டைச் சொல்லி அவரைப் பயமுறுத்த முடியாது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடும் பருவத்தையும் அவர் பார்த்தவர். அப்போது கூடை கூடையாக வாங்கி அரிந்து மொட்டைமாடியில் வற்றல் போடுவார். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதையும் பார்த்தவர். அந்த மாதம் மாமனாருக்குக் கல்லடைப்பு வரக்கூடும் என்றும், தக்காளி விதை ஆகவே ஆகாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். விலை இறங்கியதும் கல் தானாகக் கரைந்துவிட்டது.

முப்பதுக்கே இரண்டு கூறும் பைக்குள் விழும். கொசுறாகக் கறிவேப்பிலை, கொத்தமல்லி. எந்த நோய்க்கும் கொசுறு கூடாதென்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கொட்டி ஆயுள் பார்ப்பார். எது முதலில் வாடுமோ அது முதலில் சட்டிக்குப் போகும். புதன்கிழமை கீரை, வியாழன் கத்தரி, வெள்ளி அவரை, அப்புறம் பூசணியும் குச்சிக்கிழங்கும். ஞாயிறன்று கணவர் இருப்பதால் கறி அல்லது முட்டை. புரட்டாசி வந்தால் அதையும் பெருமாள் தடுத்துவிடுவார். டாக்டருக்கு அந்த மாதம் ஓய்வு. திங்கட்கிழமை கூடை காலி. அன்று கொள்ளுக் கடைசலும் கொள்ளு ரசமும். நடுவில் ஓட்டை விழுந்தால் பக்கத்து வீட்டு முருங்கை. ரேஷனில் கிலோ 25 ரூபாய்க்குக் கிடைக்கும் சர்க்கரையை அந்த வீட்டுக்குக் கொடுப்பதும், கீரையாகவும் காயாகவும் வாங்கிக்கொள்வதும் பல வருட ஒப்பந்தம். மழை பெய்தால் காட்டோரத்தில் பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் காசில்லாமலே முளைக்கும்.

ஆறு பேருக்கு ஐந்து பத்தியம் என்றால் ஐந்து சட்டியா? கேஸ் யார் கொடுப்பது? ஒரே சட்டிதான். சென்னையிலிருந்து சேலத்துக்கு வருகிற ரயில் மாதிரி அது. பருப்பும் காயும் வெந்து கிளம்பும். சாமல்பட்டியில் உப்பு ஏறும் முன்னே மாமனார் இறங்கிவிடுவார். மொரப்பூரில் மிளகாய் ஏறும் முன்னே சின்னவளும், வீட்டில் இருக்கிற நாளில் கணவரும் இறங்குவார்கள். பொம்மிடியில் புளியும் தாளிப்பும் ஏறும். மாமியாரும் மகனும் அங்கே. கடைசியாகச் சேலம் வரைக்கும் போய் அடிச்சட்டியை வழித்து எடுப்பது அக்கா. தருமபுரியையும் மொரப்பூரையும் ரயிலால் இணைக்கச் சொல்லி எங்கள் ஊர் எத்தனையோ காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இவர் அடுப்பில் அது தினமும் ஓடுகிறது.

சமைப்பது ஒகேனக்கல் தண்ணீரில். எங்கள் மாவட்டத்தில் தண்ணீருக்கே பத்தியம் உண்டு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வருவதற்கு முன்னால் வளர்ந்த பலரின் பல்லில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. போர்வெல் தண்ணீர் பாத்திரம் கழுவ, குழாய்த் தண்ணீர் உலை வைக்க என்பதில் அக்காவிடம் சமரசமே கிடையாது.

இவ்வளவு கணக்குக்கும் அடியில் நின்று தாங்குவது ராகிக் களி. இதைச் சொன்னால் மாமியாருக்குக் கோபம் வரும். "தினமும் நெல்லுச்சோறு" என்று சொல்லித்தான் அந்தக் காலத்தில் அவரை இந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். களி தின்ற பிறந்த வீட்டிலிருந்து தப்பித்து வந்து, ஒரு தலைமுறை அரிசி தின்று, சுகர் வாங்கிக்கொண்டு, மறுபடியும் களிக்கே திரும்பியிருக்கிறார். 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தபோது, அரசாங்கமே மருமகளோடு சேர்ந்துகொண்டதாக அவர் நம்பினார். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், பாலைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அக்கா சொன்னால், "அப்போ பாலை நிறுத்திடுவியா?" என்று திருப்பிக் கேட்பார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அக்கா அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

மாமியாரும் லேசுப்பட்டவர் இல்லை. களி சுகருக்கு நல்லது என்று ஒத்துக்கொண்ட பிறகு, நல்லதை எதற்குக் குறைக்க வேண்டும் என்று இரண்டு உருண்டை கேட்பார். மாவாக அரைத்த ராகியும் மாவுச்சத்துதான். அளவு மீறினால் அதுவும் சுகரை ஏற்றும். இதை விளக்குகிற வேலை, மக்களைத் தேடி மருத்துவம் என்று மாத்திரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வரும் பெண்ணுடையது. அந்தப் பெண் விரலில் குத்தி அளவு பார்க்கும்போது மாமியார் மருமகளை முறைப்பார். எண் ஏறியிருந்தால் அது களியால் வந்தது. தலையணைக்குக் கீழே இருக்கிற மிக்சர் பொட்டலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாதத்தில் ஒரு வாரம் மட்டும் அக்கா கொஞ்சம் தாராளம். 15ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் ஏறும். இதற்கு மனு வாங்கும் முகாமை 2023 ஜூலையில் முதலமைச்சர் தொடங்கி வைத்ததே இங்கே தொப்பூரில்தான். அந்த வாரம் டாக்டர் சற்று இளகி, அரைக்கிலோ கோழிக்கு அனுமதி கொடுப்பார்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி கணவர் ஓசூரிலிருந்து போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை கம்பெனிப் பசங்க ரெண்டு பேர் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்றாங்க. நீ ஒண்ணும் சிரமப்படாதே. அவங்களுக்கு இது ஆகாது அது ஆகாதுன்னு எதுவும் கிடையாது. எதைப் போட்டாலும் சாப்பிடுவாங்க."

அக்காவுக்கு வியர்த்துவிட்டது. எதைப் போட்டாலும் சாப்பிடுகிறவன் எவ்வளவு போட்டாலும் சாப்பிடுவான்.

"ஏங்க, ஒண்ணுமே இல்லீங்களா? சுகரு, பிரஷரு?"

"சின்னப் பசங்கம்மா."

"ஒருத்தருக்காவது?"

அந்தப் பக்கம் கணவர் யாரிடமோ கேட்கிற சத்தம். பிறகு, "ஒருத்தனுக்கு லேசா கேஸ் டிரபிள் இருக்காம்" என்றார்.

"அப்படிச் சொல்லுங்க, வரட்டும்" என்றார் அக்கா.