மாரத்தான் கணவர்

மாரத்தான் கணவர் என்ற வகையினர் சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய அடுக்ககங்களில் மிகுதியாகக் காணப்படுகின்றனர். வயது முப்பத்தைந்துக்கு மேல், பதவி மேலாளர், ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில்: இந்த மூன்றும் ஒருசேர வாய்த்ததும் ஓட்டம் தொடங்குகிறது. முதலில் ஐந்து கிலோமீட்டர். சில ஆண்டுகளில் 42.195. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் புறப்பட்டு, அரங்கில் அரச குடும்பத்தின் மேடைக்கு எதிரே முடிந்த ஓட்டத்தின் தூரம் அது. 1921இல் அதுவே விதியாயிற்று. அந்த மேடைக்காகச் சோழிங்கநல்லூரில் ஒரு குடும்பம் இன்று ஞாயிற்றுக்கிழமைகளை இழந்துகொண்டிருக்கிறது.

மனைவியும் கணினித் துறைதான். ஆனால் அமெரிக்க வாடிக்கையாளருக்காக இரவு ஷிஃப்ட்: மாலை ஆறரைக்கு லாகின், அதிகாலை மூன்றரைக்கு லாக் அவுட். கணவர் இரவு வீடு திரும்பும்போது அவர் இல்லை. காலையில் கணவர் ஆபீஸ் கிளம்பும்போது அவர் திரைச்சீலையை இழுத்துவிட்டு உறங்குகிறார். வார நாட்களில் இருவரும் நேருக்கு நேர் சந்திப்பது அடுக்ககத்தின் வாசலில், நாலே காலுக்கு. கம்பெனி கேப்பிலிருந்து அவர் இறங்க, இவர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பார்.

"சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு பேரீச்சம்பழம். மாவை ஃப்ரிட்ஜுல வச்சுட்டேன். இன்னிக்கு சிலிண்டர் வரும், தூங்கிடாதே."

"ரெண்டாவது தெருவுல நாய் இருக்கு, பார்த்து."

இல்லறம் அன்றைக்கு முடிந்தது. வாட்ச்மேன் சாட்சி.

இந்தச் சந்திப்புக்கும் பருவம் உண்டு. நவம்பரில் அமெரிக்கா தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும், இந்தியா தள்ளாது. ஷிஃப்ட் ஏழரைக்கு நகர, கேப்பும் ஐந்தே காலுக்குத்தான் வந்து சேரும். அதற்குள் கணவர் பல கிலோமீட்டர் தாண்டியிருப்பார். மார்ச்சில் அமெரிக்கா மனம் மாறும்வரை சிலிண்டர், மாவு, மாமியார் உடல்நிலை எல்லாம் வாட்ஸ்அப்பில். சென்னை மாரத்தான் ஜனவரியில் என்பதால் பயிற்சி உச்சத்தில் இருப்பதும் இதே மாதங்களில்தான்.

சனிக்கிழமை இருவருக்கும் விடுமுறை. ஆனால் மறுநாள் முப்பது கிலோமீட்டர் லாங் ரன். அதனால் எட்டரைக்கெல்லாம் கணவர் படுத்துவிடுவார். இரவெல்லாம் விழித்தே பழகிய மனைவிக்கு அப்போதுதான் பொழுது விடியும். ரிசப்ஷனுக்குப் போனால் கணவர் மேளம் தொடங்குமுன் முதல் பந்தியில் உட்கார்ந்து எழுந்துவிடுவார் என்பதால், கஞ்சத்தனமாக மொய் எழுதியவரைப் போலச் சொந்தக்காரர்கள் இவரைப் பார்க்கிறார்கள். பிரம்ம முகூர்த்தத்துக் கல்யாணத்துக்கு மட்டும் இவரை மிஞ்ச ஆளில்லை. ஐயர் வருமுன்பே மண்டபத்தில் இருப்பார், தொடையை நீவிக்கொண்டு.

அலுவலகத்துக்கும் தன் பங்கு கிடைக்கிறது. எட்டரை மணிக் கூட்டத்தில் இவர் கேமரா எப்போதும் அணைந்திருக்கும், காரணம், குளிக்கவில்லை. ரிலீஸ் வாரத்தில் ஓடாவிட்டால் குற்ற உணர்ச்சி, ஓடினால் கொட்டாவி. ஊதிய உயர்வுப் பேச்சைவிடக் கிலோமீட்டருக்குப் பத்து நொடி குறைந்த பேச்சில் முகம் மலரும்.

பந்தயம் போகிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு வருவது இவ்வகையினருக்கு இயற்கை தந்த சலுகை. பரணைச் சுத்தம் செய்யச் சொன்னால், பந்தயத்துக்கு முன்: "டேப்பர் காலம், உடம்பை அலட்டக் கூடாது." பந்தயத்துக்குப் பின்: ஏணி என்ன, வாசற்படியே இறங்க முடியாது; கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்குவார். பரண் ஏறுபவர் இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர்தான். பதக்கத்தை மாட்டவும் ஓர் ஆணி அடித்துவிட்டே இறங்குகிறார்.

எதிரெதிர் நேரம் இந்த ஓட்டத்துக்குத் தடை என்பது பொதுவான கருத்து. உண்மையில் அதுதான் ஓட்டத்தைக் காத்து நிற்கிறது. மனைவி பகல் ஷிஃப்டுக்கு மாறியதும் இது தெரிந்துவிடும். முதல் வாரம், நாலு மணி அலாரத்துக்கு இருவரும் விழிப்பார்கள். இரண்டாம் வாரம் அலாரம் அதிர்வுக்கு மாறும். மூன்றாம் வாரம் கணவர் ஹாலுக்கு. இரவு எட்டரைக்குக் கொட்டாவி விடுபவரிடம், இத்தனை வருஷம் சேர்த்துவைத்த கேள்விகளை மனைவி ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குவார். சில மாதங்களில் ஓட்டம் மாலை நடையாகிறது. எட்டாயிரம் ரூபாய் ஷூ ஞாயிற்றுக்கிழமைகளில் உழவர் சந்தைக்குப் போய்வருகிறது.