அட்மின் உரிமையியல்: நூற்பாவும் உரையும்

பாயிரம்

இந்நூல் நுதலிய பொருள் யாதோ எனின், சொந்தக் காசில் வாங்கிய கணினியில், சொந்தக் காசில் வாங்கிய ஆன்ட்டிவைரஸை ஏற்ற முயலும் ஒருவரைப் பார்த்து, உமக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அக்கணினியே சொல்லும் நிலை. நிலம் விண்டோஸ். பொழுது, பழைய ஆன்ட்டிவைரஸின் சந்தா முடிந்த மறுநாள். நூற்பாவும் உரையும் ஒருவரே செய்தமையால், மூல ஆசிரியரின் கருத்தை உரைகாரர் அறியாமல் திரித்தார் என்ற பழிக்கு இடமில்லை. அறிந்து திரித்த இடங்கள் உண்டு.

நூற்பா 1

உடையோன் ஆயினும் உரிமையோன் அல்லன்
தனித்தனி கேட்டுப் பெறாஅக் கடையே.

என்பது, கணினிக்கு உடைமையாளரும் அட்மினும் ஒருவரே ஆனாலும், அட்மின் உரிமை ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் பெறப்படும் என்றவாறு.

பண்டு இவ்வாறு இல்லை. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வரும். 'கேன்சல்' அழுத்தினாலும் உள்ளே விட்டுவிடும். 2001-இல் வந்த எக்ஸ்பியில் கணக்கு வகைகள் இருந்தன. ஆனால் நிறுவும்போது உருவான முதற்கணக்கு அட்மினாகவே பிறந்தது. பல வீடுகளில் அந்த ஒரே கணக்கில் குடும்பமே காலம் தள்ளியது. ஆகவே அதில் திறந்த பாட்டுக்கும் விளையாட்டுக்கும், பென் டிரைவில் ஒட்டி வந்த வைரஸுக்கும் ஒரே அதிகாரம்.

எந்த நிரலும் தன் வேலைக்கு வேண்டிய அளவு அதிகாரத்தோடு மட்டுமே இயங்க வேண்டும் என்று சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் புலவர் இருவர் 1975-லேயே எழுதிவைத்தனர். அக்கருத்து விண்டோஸ் வழியாக வீடு வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2007-இல் கடைக்கு வந்த விஸ்டா, அட்மினாக நுழைபவருக்கு இரண்டு அனுமதிச்சீட்டுகளை எழுதியது. ஒன்று சாதாரணம், மற்றொன்று முழு அதிகாரம். அன்றாடம் புழங்குவது முதலாவது. இரண்டாவது, திரை இருண்டு நடுவே ஒரு பெட்டி தோன்றி, நாம் இசைந்தால் மட்டுமே, கேட்ட நிரலுக்கு வழங்கப்படும். இப்பெட்டியை யூஏசி என்ப.

அற்றேல், அட்மின் கணக்கில் இருந்துகொண்டே 'அட்மின் உரிமை இல்லை' என்ற செய்தியைப் பெறுவது முரணன்றோ எனின், அன்று. உரிமை பெயரில் இருக்கிறது. அந்நேரத்தில் கையில் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் உரிமையாளர் இதை விளக்கமின்றி உணர்வார்.

நூற்பா 2

காவலின் இருக்கை கருவறை ஆதலின்
முற்றத்து உரிமை பற்றா ததற்கே.

என்பது, ஆன்ட்டிவைரஸ் கணினியின் மிக உள்ளே அமர வேண்டியது ஆதலால், சாதாரணப் பயனரின் அதிகாரம் அதற்குப் போதாது என்றவாறு.

எல்லா மென்பொருளும் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதில்லை. அட்மின் உரிமை கிடைக்காவிட்டால் குரோம், பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் ஒதுங்கிப் பிழைத்துக்கொள்ளும். ஆன்ட்டிவைரஸுக்கு அந்த வழி இல்லை. என்னை? அது எல்லாப் பயனருக்கும் பொதுவான 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில் எழுத வேண்டும். ரெஜிஸ்ட்ரியின் பொதுப்பகுதியைத் திருத்த வேண்டும். யாரும் லாகின் செய்யும் முன்பே சர்வீஸாக விழித்திருக்க வேண்டும். திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் இடைமறிக்க, கெர்னலுக்குள் ஒரு டிரைவரை வைக்க வேண்டும். இந்நான்கும் அட்மினின்றி ஆகா.

இவ்வளவு அதிகாரம் தகுமோ என்று ஐயுறுவார்க்கு 2024 ஜூலை 19 விடையன்று, வினாவே. அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான அப்டேட் ஒன்று, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இந்திய விமானப் பயணிகள் சிலர் கையால் எழுதிய போர்டிங் பாஸோடு பறந்தனர். அது வைரஸின் வேலையன்று. கெர்னலில் இருந்த காவலரே தடுக்கி விழுந்தார் என்க.

நூற்பா 3

இன்மை நான்கே; அறிவிப்பு ஒன்றே;
வகையறி யார்க்கு வழியில் லையே.

என்பது, அட்மின் உரிமை இன்மை நான்கு வகைப்படும். அறிவிப்பின் சாரம் ஒன்றாகவே இருப்பதால், வகை தெரியாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது என்றவாறு.

முதலாவது கேளாமை. கணக்கு அட்மினுடையது, ஆனால் நிறுவல் கோப்பு சாதாரணச் சீட்டோடு ஓடிவிட்டது. பிழை எண் 740 வந்தால் பெரும்பாலும் இதுவே. மருந்து: கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தல். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தனக்கு வேண்டிய அதிகாரத்தைக் குறிப்பிடாத பழைய நிரல்களின் பெயரில் 'செட்டப்', 'இன்ஸ்டால்', 'அப்டேட்' என்று இருந்தால், இது நிறுவல் நிரல்தான் என்று விண்டோஸ் ஊகித்துத் தானே யூஏசி பெட்டியைக் காட்டும். பெயர்ப்பொருத்தம் பார்ப்பது மூடநம்பிக்கை என்பார் இதனை ஓர்க. எம்எஸ்ஐ வகைக் கோப்புகளுக்கோ ரைட் கிளிக்கில் அந்த வரியே வராது. கமாண்ட் பிராம்ட்டை அட்மினாகத் திறந்து, அங்கிருந்து அவற்றை ஓட்ட வேண்டும்.

இரண்டாவது பெறாமை. கணக்கே சாதாரணம். யூஏசி பெட்டி பாஸ்வேர்டு கேட்கும். அது தெரிந்தவர் கணினியை அமைத்துக் கொடுத்துவிட்டு வெளிநாடு போயிருப்பார். மருந்து: அவருக்குப் போன் செய்தல். பிறகு அட்மின் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸில் உரியவரின் கணக்கு வகையை மாற்றிக்கொள்ளலாம். மறைந்திருக்கும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கை ஒரே கட்டளையில் எழுப்பலாம் என்று யூடியூப் ஆசிரியர்கள் கூறுவர். அக்கணக்கு விஸ்டா முதல் முடக்கப்பட்டே வருகிறது என்பது மெய். அதை எழுப்பும் கட்டளையை இட அட்மின் உரிமை வேண்டும் என்பதும் மெய். இல்லாதார் இட்டால் பிழை எண் 5 வரும். இதனைத் தருக்க நூலார் அன்னியோன்னியாச்சிரயம், அதாவது ஒன்றையொன்று பற்றி நிற்கும் குற்றம், என்பர்.

மூன்றாவது விலக்கு. கணினி அலுவலகத்தினுடையது, உரிமையை ஐடி பிரிவு வேண்டுமென்றே எடுத்து வைத்திருக்கிறது. மருந்து: டிக்கெட் போடுதல், பின் காத்திருத்தல். வேறு மருந்து கூறுவார் பிறருடைய வேலையைப் பணயம் வைக்கிறார் என்க.

நான்காவது பழம்பகை. உரிமை இருக்கிறது, கேட்டும் பெற்றாயிற்று, ஆயினும் உரிமை இல்லாதது போலவே நிறுவல் பாதியில் நிற்கும். 1603 என்ற எண் வரும்; அது தோற்றது என்பதைச் சொல்லுமேயன்றி ஏன் என்பதைச் சொல்லாது. காரணம் பலவாகலாம்; முதலில் ஐயுற வேண்டியது பழைய ஆன்ட்டிவைரஸின் மிச்சம். தன்னை யாரும் நீக்காதவாறு தற்காப்போடு அமைக்கப்பட்டது அது. சந்தா முடிந்தாலும் தற்காப்பு முடிவதில்லை. மருந்து: அதைச் செய்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை, அவர்கள் சொன்னால் சேஃப் மோடில், ஓட்டி, ரீஸ்டார்ட் செய்தல். புதியதைச் சேஃப் மோடிலேயே ஏற்றிவிடலாமே எனின், ஆகாது. விண்டோஸின் நிறுவல் சர்வீஸ் அங்கே இயல்பாக ஓடுவதில்லை. நீக்கலுக்கு அவ்விடம், நிறுவலுக்கு இவ்விடம் எனப் பகுத்தறிக. சில வேளை மிச்சம் ஒன்றும் இராது. முன்பே புகுந்த வைரஸ், புதிய காவல் வாராதபடி தடை எழுதி வைத்திருக்கும். அப்போது டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுக. அது விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடுவது.

நூற்பா 4

எரிச்சல் இயல்பன்று; இயற்றிய தென்ப;
அணைப்போர் அறியார் அதன்பயன் தானே.

என்பது, யூஏசி தரும் எரிச்சல் தற்செயலன்று, திட்டமிட்டது என்றவாறு.

2008-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஆர்எஸ்ஏ மாநாட்டில், மைக்ரோசாஃப்டின் டேவிட் கிராஸ், பயனரை எரிச்சலூட்டவே யூஏசியை வைத்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். எரிச்சலுற்ற பயனர் மென்பொருள் நிறுவனத்தைத் திட்டுவார். நிறுவனம் தேவையின்றி அட்மின் உரிமை கேட்பதை நிறுத்தும் என்பது கணக்கு. எய்தவர் ஒப்புக்கொண்ட அம்பு இது.

இதனை உணராது, யூஏசியை முழுதும் அணைத்துவிடுக என்பாரும் உளர். 2009-இன் விண்டோஸ் 7 முதல் அதற்கு நான்கு படியுள்ள ஓர் இழுவை இருக்கிறது. அடிப்படிக்கு இழுத்துவிடுவது இவர்கள் கொள்கை. ஆன்ட்டிவைரஸ் நுழைவதற்காகத் தடையை நீக்கினால், நீக்கிய தடை ஆன்ட்டிவைரஸுக்கு மட்டுமானதாக இராது என்று மறுக்க. 'பேசாம ஃபார்மட் அடிச்சிடலாம் சார்' என்னும் சர்வீஸ் கடைக் கொள்கையினரும் உளர். அவர்க்கு மறுப்பு: ஃபார்மட் அடித்த பின்னும் ஆன்ட்டிவைரஸ் நிறுவ வேண்டும், நிறுவும்போது அதே பெட்டி வரும். இடையில் குழந்தையின் பிறந்தநாள் படங்கள் மட்டும் போயிருக்கும்.

நூற்பா 5

யார்க்கெனக் கேளா தாம்எனல் எளிதே;
அதனினும் எளிதே அதன்பின் இழத்தல்.

என்பது, உரிமையை எப்படிப் பெறுவது என்பதினும், யாருக்குத் தருகிறோம் என்பதே பெரிது என்றவாறு.

இதுகாறும் சொன்ன மருந்துகள் அனைத்தும் வைரஸுக்கும் பயன்படும். அதற்கும் அட்மின் உரிமைதான் வேண்டும். அதுவும் கேட்டுத்தான் பெற வேண்டும். ஆன்ட்டிவைரஸ் வேடத்தில் கேட்டால் எளிதில் கிடைக்கும். கற்பனையன்று: உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது என்று பொய்யாக அச்சுறுத்தி, வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்ட்டிவைரஸ் முதலிய பெயர்களில் போலி மருந்து விற்றவர்கள் மீது, அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. அவற்றை ஏற்றிக்கொண்டவர்களில் பலர் விருப்பத்தோடுதான் ஏற்றிக்கொண்டார்கள்.

ஆகவே பெட்டியைப் படிக்க. வெளியீட்டாளர் சரிபார்க்கப்பட்டிருந்தால் நீலமும், அறியப்படாதவராயின் மஞ்சளும் தலைப்பில் வரும். பெயர் நாம் வாங்கிய நிறுவனத்தினுடையதா என்று பார்க்க. 'யெஸ்' என்பதன் அருகில் 'நோ' என்றும் ஒரு பொத்தான் இருப்பதை இவ்விடத்தில் பலர் முதன்முறையாகக் காண்பர்.

நூற்பயன்

இதனை முழுதும் கற்றவர், அன்றாடப் புழக்கத்துக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றும் நிறுவலுக்கு அட்மின் கணக்கு ஒன்றும் வைத்துக்கொள்வர். அட்மின் பாஸ்வேர்டை, வெளிநாடு போகாத ஒருவரிடமும் சொல்லிவைப்பர். கல்லாதார்க்கும் பயன் உண்டு. விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்னும் ஆன்ட்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. அதை ஏற்ற அட்மின் உரிமை தேட வேண்டியதில்லை. வேறொன்று காவல் காக்காதபோது பெரும்பாலும் தானே பொறுப்பேற்கும். புதியதை நிறுவ வழியின்றி இந்நூலைக் கடைசிவரை படித்தவர்களின் கணினியை, படித்து முடிக்கும்வரை அதுதான் காத்திருக்கும் என்க.