பதினோரு மாத ஒப்பந்தமும் ஐந்து மாத மாணவரும்

பரிமாற்ற மாணவர் எனப்படுபவர், தம் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் வருகைப் பதிவேட்டில் பெயரை விட்டுவைத்துவிட்டு, இரு பல்கலைக்கழகங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஒரு பருவத்தை, அதாவது ஏறத்தாழ ஐந்து மாதங்களை, வேறொரு நாட்டில் படித்துக் கழிக்க வருபவர் ஆவார். பட்டப்படிப்பு முழுவதையும் புனேயிலேயே முடிக்க வரும் ஈரானிய, ஆப்கானிய, ஏமன், சூடான் மாணவர்களிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டுவது பாடத்திட்டம் அன்று. அறை தேடும் முறையே ஆகும். அவர்கள் முதலில் தம் நாட்டு மூத்த மாணவர் ஒருவரின் அறையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, ஊரும் மொழியும் பிடிபட்ட பிறகு நிதானமாக வீடு பார்ப்பார்கள். பரிமாற்ற மாணவரோ முதல் மாதத்தை வீடு தேடுவதற்கும் கடைசி மாதத்தை முன்பணத்தைத் திரும்பப் பெறுவதற்கும் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய காலத்தில் கல்வி பயில்கிறார்.

இத்தகையோரின் வருகை புனேக்குப் புதிதன்று. 1821இல் தொடங்கப்பட்ட சமஸ்கிருதப் பாடசாலையின் வழிவந்த டெக்கான் கல்லூரியும், 1885இல் தோன்றிய ஃபெர்குசன் கல்லூரியும், 1949இல் நிறுவப்பட்டு இன்று சாவித்திரிபாய் ஃபுலேயின் பெயரைத் தாங்கி நிற்கும் பல்கலைக்கழகமும் வெளியூர்ப் பெட்டிகளுக்கு இந்நகரை என்றோ பழக்கிவிட்டன. ஃபெர்குசன் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த எஸ்.பி.முஜும்தார், விடுதி அறையில் மஞ்சள் காமாலையுடன் கிடந்த மொரீஷியஸ் மாணவருக்குப் பெண் ஒருத்தி சன்னல் வழியே உணவு கொடுப்பதைக் கண்டு மனம் இளகியதன் விளைவே 1971இல் அவர் தொடங்கிய சிம்பயோசிஸ் நிறுவனம் என்பது பலரும் அறிந்த வரலாறு. அயல்நாட்டு மாணவரைப் பற்றிய புனேயின் கவலை ஓர் அறையிலிருந்தே தொடங்கிற்று என்பதும், அக்கவலை வகுப்புகளாகப் பெருகிய வேகத்தில் அறைகளாகப் பெருகவில்லை என்பதும் இதனால் பெறப்படும். ஒரு பருவம் மட்டும் தங்க வந்து, தரகர் துணையின்றி நல்ல இடம் பிடித்தவர்கள் என்று பம்பாய் மாகாண ஆளுநர்களைத்தான் சொல்ல முடியும். மழைக்காலத்தைக் கழிக்கப் புனேயின் கணேஷ்கிண்டில் அவர்களுக்கென எழுந்த மாளிகையே இப்போது சாவித்திரிபாய் ஃபுலே பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடமாக விளங்குகிறது.

விமானம் ஏறுவதற்கு முன்பே பரிமாற்ற மாணவர் ஓர் அட்டவணையைத் தயாரித்துவிடுகிறார். வெளிச்சம், அமைதி, எழுதுமேசை, வகுப்புக்கு நடந்து செல்லும் தூரம், ‘உண்மையான இந்திய வாழ்க்கை’ ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, கடைசி இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்பதை அறியாமல் கூட்டுத்தொகையையும் கண்டுவிடுகிறார். நிறுவனத்தின் பெயரை நம்பி இடத்தை முடிவு செய்வது அவரது இரண்டாவது பிழை. சிம்பயோசிஸ் என்ற பெயரை நகரின் கிழக்கே, விமான நிலையத்தை ஒட்டிய விமான் நகரிலும் காணலாம். மேற்கே, ஊரைத் தாண்டி மலைமேல் அமைந்த லவளேயிலும் காணலாம். ஓரிடத்தில் அறையும் மற்றோரிடத்தில் வகுப்பும் அமையப்பெற்றவர், நகர அமைப்பியலை எப்பாடத்திலும் சேராமலே கற்றுத் தேறுகிறார்.

அவர் முன் உள்ள வழிகள் நான்கு. முதலாவது பல்கலைக்கழக விடுதி. அங்கே காலியிடம் உண்டா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்போது பெரும்பாலும் பருவம் பாதி கடந்திருக்கும். இரண்டாவது ‘பேயிங் கெஸ்ட்’ முறை. பணம் தருவதால் அவர் வாடகையாளர், விதிகளுக்குக் கட்டுப்படுவதால் விருந்தாளி என இருநிலையும் ஒருங்கே பெறும் ஏற்பாடு அது. மூன்றாவது ‘காட் பேசிஸ்’ எனப்படும் கட்டில் வாடகை; சதாசிவ பேட்டை, நாராயண பேட்டை போன்ற பழைய குடியிருப்புகளில் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்காக நிலைபெற்ற இம்முறையில், வாடகைக்கு விடப்படுவது அறை அன்று, அறையிலுள்ள பல கட்டில்களுள் ஒன்று மட்டுமே; சென்னையின் திருவல்லிக்கேணி மேன்ஷன்களை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. நான்காவது, ‘ஒன் ஆர்.கே.’ என்னும் ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொண்ட தனி வீடு. அங்கே ‘செமி ஃபர்னிஷ்டு’ என்று தரகர் உரைப்பது, முன்பு இருந்தவர் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போகவில்லை என்ற நற்செய்தியையே குறிக்கும்.

நான்கையும் ஆராய்ந்த பரிமாற்ற மாணவர் இறுதியில் வந்து நிற்பது ஒரு காக்குவின் வாசலில். காக்கு என்பது மராத்தியில் சித்தி முறை உறவுக்குரிய விளி. நடைமுறையில் வீட்டுக்கார அம்மையாரையும் அவ்வாறே அழைப்பர். வீட்டைத் தேர்ந்தெடுக்க வந்திருக்கிறோம் என்ற மாணவரின் எண்ணம் இவ்வாசலோடு முடிவடைகிறது. ஏனெனில் தேர்வு நடத்துபவர் காக்கு, தேர்வு எழுதுபவரே மாணவர். தந்தையார் என்ன வேலையில் இருக்கிறார், மாணவர் இரவு எத்தனை மணிக்குத் திரும்புவார், நண்பர்கள் வருவார்களா, வந்தால் போவார்களா என்ற வினாக்களுக்கு ஓரளவு விடையளித்துவிடும் அவர், உணவு பற்றிய வினாவில் மட்டும் நேர்மையைக் கைவிட மனமின்றி, வாரத்தில் இரு நாள்கள் மட்டுமே இறைச்சி உண்பதாக ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மையைப் பாராட்டுவார் என்று அவர் எதிர்பார்த்திருக்க, எந்த இரு நாள்கள் என்று காக்கு கேட்கிறார். செவ்வாய் பிள்ளையாருக்கும் வியாழன் தத்தாத்ரேயருக்கும் உரியவை என்று நினைக்கும் குடும்பத்தில் அது முற்றிலும் பொருத்தமான கேள்வியே. மாணவர் கொண்டுவந்த அட்டவணையில் கிழமைகளுக்கு இடமில்லை.

கட்டில் கிடைத்த பிறகு காகிதம் கிடைக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் வீடுகள் பொதுவாக ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ ஒப்பந்தத்தின் பேரிலேயே விடப்படுகின்றன. வீட்டின் மீது குடியிருப்பவருக்கு எவ்வித உரிமையும் பிறக்காமல், அதைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியை மட்டும் வழங்கும் ஆவணம் அது. அதன் காலம் வழக்கமாக 11 மாதங்கள். ஓராண்டுக்கு மேல் நீளும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்னும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து தப்புவதற்காக நாடெங்கும் பிறந்த எண் இது. இத்தகைய ஒப்பந்தத்தை அதன் காலம் எவ்வளவாயினும் பதிவு செய்ய வேண்டும் என்று 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விதித்த பின்னரும், காரணம் போய்விட்டது என்பதற்காக வழக்கத்தை எவரும் போக்கவில்லை. எனவே ஐந்து மாதம் தங்க வந்தவர் 11 மாதத்துக்குக் கையெழுத்திடுகிறார். இதனுடன், அயல்நாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் இடமளித்தவர் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய, நெடுங்காலமாகச் ‘சி படிவம்’ என்று அறியப்படும் அறிக்கையும் உண்டு. 180 நாள்களுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவராயின், 14 நாள்களுக்குள் தம்மைப் பதிவு செய்துகொள்ளவும் அவருக்கு முகவரிச் சான்று தேவைப்படுகிறது. கட்டிலைத் தரத் தயங்காத காக்கு, கணினி முன் அமர்ந்து இப்படிவத்தை நிரப்ப மட்டும் நல்ல நாள் பார்க்கிறார்.

குடியேறிய மாணவர் அடுத்ததாகக் கற்பது வாசிப்பு. ‘புணேரி பாட்யா’ எனப்படும் அறிவிப்புப் பலகைகள் இந்நகரின் தனி இலக்கிய வகை. தடை செய்வதோடு நில்லாமல், தடையை மீற நினைப்பவரின் அறிவுத்திறன் குறித்தும் ஒரு சொல் சொல்லிவைப்பது அவற்றின் இலக்கணம். மணியை ஒருமுறை அழுத்தினால் போதும், நடந்து வர நேரமாகும் என்ற பாணியில் அமைந்த வாசகங்கள் படிக்கட்டிலும் குளியலறையிலும் அவரை எதிர்கொள்கின்றன. பிற்பகல் ஒன்று முதல் நான்கு வரை பழைய பேட்டைகள் உறங்கும் வேளை என்பதை, கடைக்கதவைத் தட்டிய பிறகு அவர் உணர்கிறார். அமைதி என்ற தலைப்பில் ஆற்றங்கரை அறைக்கு முழு மதிப்பெண் அளித்தவருக்கு, விநாயகர் விழாவுக்குப் பல வாரங்கள் முன்பிருந்தே டோல்-தாஷா குழுக்கள் முட்டா ஆற்றங்கரையில் மாலைதோறும் பெருமுரசுகளை அறைந்து பழகும் செய்தி, முதல் மாலையிலேயே போதிய விளக்கத்துடன் கிடைத்துவிடுகிறது.

இவ்வளவு அறிந்தவர், அடுத்து வருபவருக்கு உண்மையைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். சொல்ல விடாமல் தடுப்பது முன்பணம். ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே வெளியேறுபவர் தமக்குப் பதிலாக ஒருவரைக் கொண்டுவந்து விட்டால், புதியவர் தரும் முன்பணத்திலிருந்தே பழையவருக்குக் கணக்கு தீர்க்கப்படுவது வழக்கம். புதியவர் அகப்படாவிட்டால் சுவரின் வெள்ளையடிப்பு, குழாயின் கசிவு, அவர் வருவதற்கு முன்பே இருந்த விரிசல் ஆகிய அனைத்தும் அவர் கணக்கில் ஏறும். ஆகவே நாடு திரும்பும் நாள் நெருங்க நெருங்க, அறையின் குறைகள் அவர் கண்முன்னே குணங்களாக மாறுகின்றன. காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் வரும் தண்ணீர், அதிகாலை விழிப்பை வளர்க்கிறது. முரசொலி, மாநிலத்தின் பண்பாட்டைப் படுக்கைக்கே கொண்டுவருகிறது. காக்குவின் கேள்விகள் தாய்மையின் வெளிப்பாடு. அடுத்த பருவத்து மாணவர் கடல் கடந்து அனுப்பும் அட்டவணையை வாங்கிப் பார்த்து, ஐந்து தலைப்புகளுக்கும் தாமே முழு மதிப்பெண் இட்டுத் திருப்பி அனுப்பும் அவர், ஒரு வினாவை மட்டும் மறவாமல் சேர்த்துவிடுகிறார்: இறைச்சி உண்பது எந்தெந்தக் கிழமைகளில்? புனேயில் பரிமாற்ற மாணவருக்கு அறையைத் தேர்ந்தெடுத்துத் தருவது வெளிச்சமும் அன்று, தூரமும் அன்று. தமக்கு முன்னால் அங்கே இருந்தவருக்குத் திரும்பி வரவேண்டிய பணமே ஆகும். அந்தப் பணம் பருவந்தோறும் தவறாமல் கைமாறிவிடுகிறது, அனுபவந்தான் கைமாறுவதில்லை.